புள்ளிப் பட்டியல் சொல்வதும் சொல்லாததும்
மும்பைக் கால்பந்துக் கழகங்கள் வழியாக ஒரு பாடம்



கிரிக்கெட் ஸ்கோர் படிக்கத் தெரியாத வீடு நம்மவர்களிடையே இல்லை. பாட்டிமார்கூட "எத்தனை விக்கெட் போச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுக்களைக்குள் போகிறார்கள். ஆனால் கால்பந்து லீகின் புள்ளிப் பட்டியலைக் கையில் கொடுத்தால் பெரியவர்கள் பலர் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். பிள்ளைகளோ ஐரோப்பியக் கழகங்களின் பெயர்களை ஒப்பிக்கிறார்கள். தாம் வாழும் நகரத்துக் கழகம் எத்தனாவது இடத்தில் இருந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

வாரக் கடைசியில் நம் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லித் தருபவன் என்ற முறையில் இந்தப் பாடத்தை எழுதுகிறேன். புள்ளிப் பட்டியல் என்பது கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் சேர்ந்த நல்ல கணக்குப் பாடம். அதைவிட முக்கியமாக, ஒரு கழகத்தின் வரலாற்றுக்குள் நுழைய அது ஒரு வாசல். உள்ளே நுழைந்தபின், எண்கள் சொல்லாத சில செய்திகளும் நம் கண்ணில் படும். அவை நம் குடும்பங்களுக்குத் தேவையானவை என்பதை இறுதியில் காண்போம்.

லீக் என்றால் என்ன?

கோப்பைப் போட்டியில் தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும். லீக் அப்படியல்ல. எல்லோரும் எல்லோருடனும் ஆட வேண்டும். பெரும்பாலும் சொந்த மைதானத்தில் ஒரு முறை, எதிரணியின் மைதானத்தில் ஒரு முறை. பருவ முடிவில் அதிகப் புள்ளி பெற்றவரே முதல்வர்.

இந்த முறையைக் கால்பந்துக்குக் கொண்டு வந்தது இங்கிலாந்து. 1888இல் ஆஸ்டன் வில்லா கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மெக்கிரிகர் என்பவரின் முயற்சியால் 12 கழகங்கள் சேர்ந்து முதல் லீகைத் தொடங்கின. பிரஸ்டன் நார்த் எண்ட் முதல் சாம்பியன் ஆயிற்று. நம் நாட்டில் பல மாநிலங்களின் கழகங்களும் மோதும் தேசிய லீக் வருவதற்கு 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 1996-97 பருவத்தில் பஞ்சாபின் ஜே.சி.டி. வென்றது. 2007இல் அந்த லீக் ஐ-லீக் என்று மாறியது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐ.எஸ்.எல்., தனியே தொடங்கியது. சில ஆண்டுகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்து அடுப்பாக எரிந்தன. 2022-23 முதல் ஐ.எஸ்.எல். முதல் நிலை, ஐ-லீக் இரண்டாம் நிலை என்று ஆயிற்று.

பட்டியலின் கட்டங்கள்

ஒரு பட்டியலில் இடமிருந்து வலமாக இருப்பவை இவை: இடம், கழகத்தின் பெயர், ஆடிய ஆட்டங்கள், வெற்றி, சமன், தோல்வி, அடித்த கோல், வாங்கிய கோல், கோல் வித்தியாசம், புள்ளி.

வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி, தோல்விக்கு ஒன்றுமில்லை. வெற்றி, சமன், தோல்வி மூன்றையும் கூட்டினால் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் அச்சில் பிழை இருக்கிறது என்று பொருள். பத்திரிகையில் பட்டியல் வந்தால் பிள்ளைகளை முதலில் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். பிழை கண்டுபிடிப்பதில் அவர்களுக்குள்ள ஆனந்தமே தனி.

வெற்றிக்கு எப்போதும் 3 புள்ளி இருந்ததில்லை. முன்பு 2 புள்ளிதான். இங்கிலாந்து 1981இல் 3 ஆக்கியது. உலகக் கோப்பையில் 1994இல் வந்தது. ஏன் மாற்றினார்கள்? ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஓர் அணி 10 ஆட்டங்களில் 5இல் வென்று 5இல் தோற்கிறது. இன்னோர் அணி 10 ஆட்டங்களையும் சமனாக்குகிறது. பழைய முறையில் இருவருக்கும் 10 புள்ளி. புதிய முறையில் முதல் அணிக்கு 15, இரண்டாவதற்கு 10. "தோற்காமல் இருந்தால் போதும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு ஆடுபவருக்கு இனி லாபமில்லை. விதி மாறினால் ஆட்டமே மாறும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கோல் வித்தியாசத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் 1976 வரை அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்தார்கள். பிறகுதான் கழிக்கத் தொடங்கினார்கள். 30 கோல் அடித்து 10 வாங்கிய அணிக்கு வகுத்தால் 3, கழித்தால் 20. 50 அடித்து 20 வாங்கிய அணிக்கு வகுத்தால் 2.5, கழித்தால் 30. வகுத்தால் முதல் அணி மேலே, கழித்தால் இரண்டாவது அணி மேலே! வகுத்தல் முறை கோல் வாங்காதவனுக்குச் சாதகம். கழித்தல் முறை கோல் அடிப்பவனுக்குச் சாதகம்.

சமப் புள்ளி வந்தால்?

இதற்கு நம் நகரத்துக் கழகமே பாடம் நடத்தியிருக்கிறது. 2020-21 ஐ.எஸ்.எல். பருவம் கொரோனா காரணமாக முழுவதும் கோவாவில், பார்வையாளர் இல்லாத அரங்குகளில் நடந்தது. கடைசி லீக் ஆட்டத்துக்கு முன் ஏ.டி.கே. மோகன் பகான் 40 புள்ளி, மும்பை சிட்டி 37 புள்ளி. 2021 பிப்ரவரி 28 அன்று இவ்விருவரும் நேருக்கு நேர் மோதினர். கொல்கத்தா அணிக்குச் சமன் போதும். மும்பைக்கு வெற்றி கட்டாயம்.

மும்பை 2-0 என்று வென்றது. முர்தாதா ஃபால் ஒரு கோல், ஓக்பெச்சே ஒரு கோல். இப்போது பட்டியல் இப்படி நின்றது:

மும்பை சிட்டி: ஆட்டம் 20, வெற்றி 12, சமன் 4, தோல்வி 4, கோல் 35-18, புள்ளி 40.
ஏ.டி.கே. மோகன் பகான்: ஆட்டம் 20, வெற்றி 12, சமன் 4, தோல்வி 4, கோல் 28-15, புள்ளி 40.

இரட்டைப் பிள்ளைகள் போல் எல்லாம் ஒன்று. கோல் மட்டும் வேறு. மும்பையின் வித்தியாசம் 17, மற்றவருடையது 13. அதனால்தான் மும்பை முதலிடம் என்று பலர் நினைக்கலாம். ஆனால் விதிப்படி முதலில் பார்க்க வேண்டியது, இந்த இருவரும் தமக்குள் ஆடியபோது யார் வென்றார் என்பதை. ஜனவரியில் 1-0, பிப்ரவரியில் 2-0 என இரண்டு முறையும் மும்பையே வென்றிருந்தது. ஆகவே லீக் கேடயம் மும்பைக்கு. எல்லா லீகிலும் இதே விதி இல்லை. சிலவற்றில் கோல் வித்தியாசமே முதலில் பார்க்கப்படும். பட்டியலைப் படிக்குமுன் விதியைப் படிக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

மும்பை சிட்டி: பதினொரு பருவங்கள்

இக்கழகம் 2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது உருவானது. நடிகர் ரன்பீர் கபூர் உரிமையாளர்களுள் ஒருவராக இருந்தார். 2019 நவம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் தாய் நிறுவனமான சிட்டி ஃபுட்பால் குரூப் 65 சதவீதப் பங்கை வாங்கியது. முதல் இரண்டு பருவங்களில் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் அரங்கில் ஆடியது. 2016இல் அந்தேரி விளையாட்டு வளாகத்தில் உள்ள மும்பை கால்பந்து அரங்கத்துக்கு வந்தது.

லீகில் அது பெற்ற இடங்கள் வருமாறு: 2014இல் 7, 2015இல் 6, 2016இல் 1, 2017-18இல் 7, 2018-19இல் 3, 2019-20இல் 5, 2020-21இல் 1, 2021-22இல் 5, 2022-23இல் 1, 2023-24இல் 2, 2024-25இல் 6.

இந்த வரிசையை ஒரு கட்டத்தாளில் வரைந்து பாருங்கள். லோக்கல் ரயில் கூட்டத்தில் நிற்பவனைப் போல் ஏறி இறங்கித் தள்ளாடும் கோடு கிடைக்கும். அதில் ஒரு விந்தை உண்டு. 2016இல் 14 ஆட்டங்களில் 23 புள்ளி பெற்று முதலிடம். 2017-18இல் 18 ஆட்டங்களில் அதே 23 புள்ளி பெற்று ஏழாம் இடம். புள்ளி ஒன்றுதான், ஆட்டங்களின் எண்ணிக்கை வேறு, உடன் ஆடியவர்களின் பலம் வேறு. பள்ளியில் பிள்ளை 23 மதிப்பெண் வாங்கினான் என்றால், "எத்தனைக்கு?" என்று கேட்போம் அல்லவா? அதே கேள்வியை இங்கும் கேட்க வேண்டும்.

அதன் மிகச் சிறந்த லீக் பருவம் 2022-23. 20 ஆட்டங்களில் 14 வெற்றி, 4 சமன், 2 தோல்வி. அடித்த கோல் 54, வாங்கியது 21. முதல் 18 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. இரண்டு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே கோவாவை 5-3 என்று வென்று கேடயத்தை உறுதி செய்துவிட்டது. தோற்ற இரண்டும் அதற்குப் பிறகு வந்தவை.

ஆசிய அளவிலும் ஒரு பெருமை உண்டு. 2021இல் பெற்ற கேடயம் ஆசிய சாம்பியன்ஸ் லீகில் இடம் தந்தது. 2022 ஏப்ரல் 11 அன்று ரியாத்தில் ஈராக்கின் விமானப்படைக் கழகத்தை மும்பை 2-1 என்று வென்றது. அந்தப் போட்டியில் ஓர் இந்தியக் கழகம் பெற்ற முதல் வெற்றி அதுவே.

லீக் வேறு, கோப்பை வேறு

ஐ.எஸ்.எல்.லில் புதிதாக நுழைபவரைக் குழப்புவது இது. லீகில் முதலிடம் பெறுபவருக்குக் கேடயம். 2019-20இல்தான் இந்தக் கேடயம் அறிமுகமானது. 2024-25 வரை, லீகுக்குப் பின் மேலிடத்து அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டங்களில் வென்றவருக்குக் கோப்பை. இரண்டும் ஒருவருக்கே கிடைக்க வேண்டும் என்பதில்லை.

2020-21இல் மும்பை இரண்டையும் பெற்றது. மார்ச் 13 அன்று நடந்த இறுதியாட்டத்தில் அதே மோகன் பகானை 2-1 என்று வென்றது; 90ஆவது நிமிடத்தில் பிபின் சிங் வெற்றி கோலை அடித்தார். ஆனால் 18 ஆட்டங்களில் தோற்காத 2022-23இல் கோப்பை கிடைக்கவில்லை. அரையிறுதியில் பெங்களூருவிடம் பெனால்டியில் தோற்றது. 2023-24இல் நேர்மாறு. கடைசி லீக் ஆட்டத்தில் கொல்கத்தாவில் சமன் செய்திருந்தால் கேடயம் மும்பைக்கே. 1-2 என்று தோற்று, 48க்கு 47 என ஒரு புள்ளியில் மோகன் பகானிடம் கேடயத்தை இழந்தது. மூன்று வாரத்துக்குள், மே 4 அன்று, அதே கொல்கத்தாவில், அதே எதிரணியை இறுதியாட்டத்தில் 3-1 என்று வென்று கோப்பையைக் கொண்டு வந்தது.

நம் சென்னையின் எஃப்.சி.யையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2015லும் 2017-18லும் கோப்பை வென்ற அந்தக் கழகம் அவ்விரு பருவங்களிலும் லீகில் முதலிடம் பெறவில்லை. நீண்ட நாள் உழைப்பைக் காட்டுவது லீக். குறித்த நாளில் நின்று காட்டுவது கோப்பை. ஆண்டு முழுதும் வகுப்பில் நன்றாகப் படிப்பதும், பரீட்சை நாளன்று நன்றாக எழுதுவதும் போல. வாழ்க்கைக்கு இரண்டும் வேண்டும்.

இந்நகரின் பழைய கழகங்கள்

மும்பையின் கால்பந்து 2014இல் பிறந்ததல்ல. ரோவர்ஸ் கோப்பை 1891 முதல் இந்நகரில் நடந்தது. வெள்ளைக்காரப் பட்டாளங்களே மாறி மாறி வென்று வந்த அந்தக் கோப்பையை 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற நம் நாட்டு அணி வென்றது. 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஹைதராபாத் சிட்டி போலீஸ் வென்றது. கூப்பரேஜ் மைதானம் அந்த ஆட்டங்களால் நிரம்பி வழிந்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2000-01உடன் அந்தப் போட்டி நின்றுபோனது.

அந்தக் காலத்து மும்பைக் கழகங்களில் பல அலுவலக அணிகள். மஹிந்திரா, டாடா, ஆர்கே மில்ஸ், ஏர் இந்தியா என்று பெயரே அதைச் சொல்லும். நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும். பகலில் அலுவலகம், மாலையில் மைதானம். ஒரு காலோடு சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்து வந்த காலம் அது.

மஹிந்திரா அணி 1962இல் தொடங்கியது. 2000இல் மஹிந்திரா யுனைடெட் என்று பெயர் மாறியது. 2005-06இல் தேசிய லீகை வென்றது. 2005 ஃபெடரேஷன் கோப்பையும் அதற்கே. டுராண்ட் கோப்பையை மூன்று முறை வென்றது. நாட்டின் முதல் வரிசைக் கழகங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. 2009-10 பருவத்தோடு நிறுவனம் அந்தக் கழகத்தை மூடிவிட்டது. கடனில் மூழ்கியோ கீழே இறங்கியோ மூடவில்லை; நடத்த வேண்டாம் என்று முடிவு செய்தது, அவ்வளவுதான்.

மும்பை எஃப்.சி. என்ற இன்னொரு கழகம் 2007இல் தோன்றியது. கொல்கத்தாவின் பெரிய கழகங்களுக்கு ஆடிய, 2003இல் ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கோப்பை வென்றபோது அணியில் இருந்த தஞ்சாவூர்க்காரர் காலியா குலோத்துங்கன் இக்கழகத்துக்கும் ஆடியிருக்கிறார். மும்பை எஃப்.சி. ஐ-லீகில் ஒரு முறையும் முதல் வரிசைக்கு வரவில்லை. ஆனால் கீழேயும் விழவில்லை. காலித் ஜமீல் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்து, குறைந்த செலவில், ஆண்டுதோறும் அதைக் கரை சேர்த்தார். 2016இல் அவர் விலக நேர்ந்தது. மிசோரமின் ஐஸ்வால் கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

2016-17 முடிவில் பட்டியலைப் பாருங்கள். முதலிடம் ஐஸ்வால், 37 புள்ளி. 36 புள்ளியோடு மோகன் பகான் இரண்டாமிடம். கடைசியான பத்தாம் இடம் மும்பை எஃப்.சி. ஒரு மலை நகரத்துச் சிறு கழகத்தை அவர் உச்சிக்கு ஏற்றிய அதே பருவத்தில், அவர் விட்டு வந்த கழகம் கீழிறக்கப்பட்டது. அந்த ஆண்டே மூடப்பட்டது. காலித் ஜமீல் 2025இல் இந்திய அணியின் பயிற்சியாளரானார். இத்தனை ஆண்டுகள் 6ஆம் இடம், 7ஆம் இடம் என்று பட்டியலில் நின்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதரின் உழைப்பு இருந்தது. அவர் போன பிறகுதான் அதன் எடை தெரிந்தது.

கோயம்புத்தூரில் ஒரு சாம்பியன்

நம் மாநிலத்துக் கதை இன்னும் நெஞ்சைத் தொடும். சென்னை சிட்டி எஃப்.சி. 2016-17இல் ஐ-லீகுக்குள் வந்தது. முதல் பருவம் 8ஆம் இடம். அடுத்த பருவம் கோயம்புத்தூர் நேரு அரங்கத்துக்கு வீடு மாறியது; அப்போதும் 8ஆம் இடம். பெயரில் சென்னை, வீடு கோவை. நம்மைப் போலத்தான்: ஊர் ஒன்று, பிழைப்பு இன்னோர் ஊரில்.

2018-19இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மன்சி 21 கோல் அடித்தார். அவரோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் முதலிய தமிழகத்து இளைஞர்களும் ஆடினர். கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளி. இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில்: ஒன்று கோவையில், மற்றொன்று கோழிக்கோட்டில். கோவையில் மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் அடித்துவிட்டது. இடைவேளையில் சென்னை சிட்டி 0-1 பின்தங்கி நின்றது. பிற்பாதியில் மன்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது, பயனில்லை. 43க்கு 42. ஒரே ஒரு புள்ளியில், தமிழகக் கழகம் ஒன்று ஐ-லீகை வென்றது.

பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். 2019இல் ஐ-லீக் வென்றவருக்கு ஐ.எஸ்.எல்.லில் நுழையும் வழி கிடையாது. அந்த வழி 2022-23 பருவத்தில்தான் திறந்தது. பஞ்சாப் கழகம் முதலில் அதன் வழியே ஏறியது. ஸ்விட்சர்லாந்தின் பாசல் கழகம் 2019இல் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஆனால் சாம்பியன் அணியின் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிற கழகங்களுக்குப் போனார்கள். அடுத்த பருவம் மீண்டும் 8ஆம் இடம். 2020-21க்குப் பிறகு அக்கழகம் தேசிய லீகில் ஆடவேயில்லை. நான்கு ஆண்டு தள்ளி வென்றிருந்தால் அதன் வரலாறு வேறாக இருந்திருக்கும். விதி எழுதப்படும் நாளும் ஒரு கழகத்தின் தலைவிதியை எழுதுகிறது.

பட்டியல் சொல்லாதவை

இதை ஏன் நம் சங்கப் பத்திரிகையில் இவ்வளவு விரிவாக எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது. தாராவியில் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர், தம் பதினாறு வயது மகனை உள்ளூர்க் கழகம் ஒன்று அழைப்பதாக என்னிடம் வந்தார்.

"சார், அந்தக் கிளப்பு லீக்குல மூணாவது எடத்துல இருக்காம். பதினொண்ணாம் வகுப்ப விட்டுட்டுப் போறேங்கான். சேத்து விடலாமா?"

"அண்ணாச்சி, மூணாவது இடம் சரி. எந்தப் பிரிவுல மூணாவது?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மகனுக்கும் தெரியவில்லை. மாவட்ட லீகில் மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு என்று பல உண்டு. கீழ்ப் பிரிவின் மூன்றாம் இடமும் மூன்றாம் இடம்தானே!

அன்று அவரிடம் சொன்னதையே இங்கே வரிசையாகத் தருகிறேன். மகனையோ மகளையோ ஒரு கழகத்தில் சேர்க்குமுன் கேட்க வேண்டியவை:

1. கழகம் எந்தப் பிரிவில் ஆடுகிறது? கடந்த ஐந்து பருவங்களில் எந்தெந்த இடம்?
2. பணம் யார் தருகிறார்கள்? ஒரே நிறுவனமா, பலரா? அவர் நிறுத்தினால் என்ன ஆகும்?
3. பயிற்சியாளர் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்? ஆண்டுக்கொருவர் மாறுகிறாரா?
4. நாம் பணம் கட்ட வேண்டுமா, அவர்கள் தருவார்களா? எழுத்தில் உண்டா?
5. காலில் அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது?
6. பயிற்சி நேரம் பள்ளியோடு மோதுகிறதா?

முதல் கேள்வியைத் தவிர மற்ற ஐந்தில் ஒன்றுக்குக்கூட புள்ளிப் பட்டியலில் விடை இல்லை. மஹிந்திரா யுனைடெட்டும் சென்னை சிட்டியும் பட்டியலின் உச்சியைத் தொட்டவை. அவை இன்று பட்டியலிலேயே இல்லை. அலுவலக அணியில் ஆடியவனுக்குக் கழகம் மூடினாலும் வேலை இருந்தது. ஒப்பந்தத்தில் ஆடுபவனுக்குக் கழகம் மூடினால் அடுத்த மாதச் சம்பளம் இல்லை. ஆகவே படிப்பைக் கைவிட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. குமரி மாவட்டக் கடலோரக் கிராமமான இரவிபுத்தன்துறையிலிருந்து புறப்பட்ட மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி வழியாக ஐ.எஸ்.எல். வரை போகவில்லையா? அண்ணாச்சியின் மகன் காலையில் பயிற்சிக்கும் பகலில் ஜூனியர் காலேஜுக்கும் போகிறான். இரண்டும் நடக்கிறது.

நம்ம டீம் எது?

வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: "சார், மும்பையும் சென்னையும் ஆடினா நாம யாருக்குக் கை தட்டணும்?" வகுப்பே இரண்டாகப் பிரிந்து கூச்சலிட்டது. மாட்டுங்காவில் மூன்றாம் தலைமுறையாக இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் மும்பை என்றார்கள். சென்ற ஆண்டு ஊரிலிருந்து வந்தவன் சென்னை என்றான். இதில் சரி, தவறு ஏதுமில்லை. தாயையும் வளர்த்தவளையும் ஒருசேர நேசிப்பவர்கள் நாம். ஆனால் ஒன்று சொல்வேன். தொலைக்காட்சியில் பார்த்துக் கை தட்டினால் கழகம் பிழைக்காது. செம்பூர்க்காரர்கள் குர்லா வழியாகக் காட்கோபர் போய் மெட்ரோ ஏறி ஆசாத் நகரில் இறங்கினால் அந்தேரி அரங்கம் நடை தூரம்தான். பருவத்துக்கு ஒரு முறையேனும் குடும்பத்தோடு போய் வாருங்கள். எந்தக் கழகம் எத்தனை நாள் வாழும் என்பதில் அரங்கத்துக்கு வருபவருக்கும் பங்கு உண்டு.

பயிற்சி

1. மும்பை சிட்டி 2022-23: வெற்றி 14, சமன் 4, தோல்வி 2, கோல் 54-21. புள்ளி எவ்வளவு? கோல் வித்தியாசம் எவ்வளவு? வெற்றிக்கு 2 புள்ளி என்றால் எத்தனை புள்ளி?
2. ஐ-லீக் 2018-19: சென்னை சிட்டி 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி. ஈஸ்ட் பெங்கால் 13 வெற்றி, 3 சமன், 4 தோல்வி. பழைய 2 புள்ளி முறையிலும் சென்னை சிட்டியே முதலிடமா?
3. மும்பை சிட்டி 2016இலும் 2017-18இலும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி பெற்றது?
4. உங்கள் பகுதியில் உள்ள ஒரு கழகத்தைப் பற்றி மேலே சொன்ன ஆறு கேள்விகளுக்கும் விடை கேட்டறிந்து, தமிழில் ஒரு பக்கம் எழுதுக.

விடைகள்: 1) 46; 33; 32. 2) ஆம், 30க்கு 29. 3) 23ஐ 14ஆல் வகுக்க 1.64, 18ஆல் வகுக்க 1.28. நான்காவதற்கு விடை உங்கள் தெருவில் இருக்கிறது. பிள்ளைகள் எழுதியதைச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தால் மகிழ்வோம்.